ஆற்று மீனுக்குப் பெயர் வரும் வரை: தென் அமெரிக்காவின் புது மீன் இனங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் நியான் டெட்ரா, ஏஞ்சல், ஆஸ்கர், டிஸ்கஸ், கோரி, ‘டேங்க் கிளீனர்’ என்று வாங்கிப் போகிறோமே, அத்தனைக்கும் பூர்வீகம் தென் அமெரிக்க ஆறுகள். இப்போது பெரும்பாலும் நம் ஊர்த் தொட்டிகளிலேயே குஞ்சு பொரித்து வளர்கின்றன, அது வேறு விஷயம். மீன் வளர்க்க ஆரம்பித்த நான், அவற்றின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய், புது இனங்களை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிற பைத்தியத்தில் மாட்டிக்கொண்டேன். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

இந்தக் காலத்திலும் புதிதாக மீன் கண்டுபிடிக்கிறார்களா?

சளைக்காமல் கண்டுபிடிக்கிறார்கள். தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா இரண்டின் நன்னீர் மீன்களையும் 2003-இல் ஒரே பட்டியலாகப் போட்டார்கள். அன்றைய கணக்கு 4,475 இனங்கள். இன்று தென் அமெரிக்காவில் மட்டுமே ஐயாயிரத்தைத் தாண்டியாயிற்று. அமேசான் வடிநிலத்தில் மட்டும் 2,700-க்கு மேல் என்று 2019-இல் ஒரு கணக்கு வந்தது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 400 மீன்கள் புதிதாகப் பெயர் பெறுகின்றன, கடல் மீன்களையும் சேர்த்து. அதில் தென் அமெரிக்க ஆறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இத்தனை மீன் ஒரே கண்டத்தில் எப்படி என்றால், முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ரியோ நெக்ரோ ஆறு கட்டங்காப்பி நிறம்: இலைதழை ஊறிய, அமிலத் தன்மையுள்ள, உப்புச் சத்தே இல்லாத தண்ணீர். ஆண்டீஸ் மலையிலிருந்து வண்டல் சுமந்து வரும் சோலிமோயிஸ், பால் விட்ட டீ மாதிரி. ஷிங்கு, தபஜோஸ் ஆறுகள் பச்சை கலந்த தெளிந்த நீர். ஒன்றில் சுகமாக இருக்கும் மீன் இன்னொன்றில் தாக்குப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் அருவிகளும் பாறைத் தடுப்புகளும் வேறு. மேலே இருப்பது கீழே இறங்காது, கீழே இருப்பது மேலே ஏறாது. லட்சக்கணக்கான வருடம் இப்படிப் பிரிந்து கிடந்தால் இனம் பிரியாமல் என்ன செய்யும்?

இன்னும் புதிதாகக் கிடைத்துக்கொண்டே இருப்பதற்கு இன்னொரு காரணம் அளவு. அரபைமா மாதிரி ஆளை விட நீளமான மீன்களைத்தான் நமக்குத் தெரியும். ஆனால் முழுதாக வளர்ந்தும் 26 மில்லிமீட்டரைத் தாண்டாத மீன்கள் அங்கே ஏராளம். அவற்றுக்குக் ‘குறுமீன்கள்’ என்று தனி வகைப்பாடே வைத்திருக்கிறார்கள். வலைக்கண்ணில் நழுவிப் போகும், மாட்டினாலும் ஏதோ குஞ்சு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

‘புது மீன்’ என்றால் யாருக்குப் புது?

நியாயமான கேள்வி. ஆற்றங்கரையில் இருப்பவருக்கு அது புதிதாக இருப்பது அபூர்வம். பிரானா என்ற சொல்லே துப்பி மொழியில் மீன், பல் என்ற சொற்களிலிருந்து வந்தது. அரபைமாவை பிரேசிலில் ‘பிராருகு’ என்கிறார்கள், ‘பிரா’ மீன், ‘உருகு’ குங்குமச் சிவப்புத் தரும் ஒரு காய். அந்த மீனின் வால்புறச் செதிலைப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றாது. விஞ்ஞானப் பெயருக்கு வெகு காலம் முன்பே வந்த பெயர்கள் இவை.

ஆக, கட்டுரையில் ‘புதிய இனம்’ என்றால் ‘இதுவரை யாரும் முறைப்படி விவரித்துப் பெயரிடாத இனம்’ என்றுதான் பொருள். செய்தித்தாள்தான் அதை ‘மனிதன் பார்த்திராத மீன்’ ஆக்கிவிடுகிறது. உள்ளூர்ப் பெயர் ஒரு ஆற்றுக்கு ஒன்றாக மாறும். ஒரே பெயரில் நான்கு மீனும் இருக்கும், ஒரே மீனுக்கு நான்கு பெயரும் இருக்கும். விஞ்ஞானப் பெயர் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வந்தது. எந்த அளவுக்குத் தீர்த்தது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் அது யார் கையில் சிக்குகிறது?

எதிர்பார்க்கிற மாதிரி எப்போதும் காட்டுக்குள் போன ஆய்வாளர் கையில் அல்ல. அருங்காட்சியகத்தில் வேறு பெயர்ச் சீட்டு ஒட்டிய ஜாடிக்குள் பல வருடம் மிதந்துகொண்டிருக்கும். வண்ணமீன் ஏற்றுமதிப் பெட்டியில் வேறு மீன்களோடு கலந்து வரும். மீன் சந்தையில் தட்டில் கிடக்கும்.

சில சமயம் யாரும் தேடாத இடத்தில் இருக்கும். பிரேசிலின் மனாஸ் நகருக்குப் பக்கத்தில், ரியோ நெக்ரோவில் சேரும் தருமா-மிரிம் ஓடைப் பகுதியில், வெள்ளம் வடிந்த பிறகு காட்டுக்குள் சிறு சிறு குட்டைகள் மிஞ்சும். அடியில் அழுகும் இலைகள் மெத்தை மாதிரி படிந்திருக்கும். அந்த இலைப் படுகைக்குள் ஆழத்தில் ஒரு மீன் ஒளிந்து வாழ்கிறது. நீண்ட குழல் மாதிரி உடம்பு, வரிசைக்கு 200-க்கு மேல் பொடிப் பொடிச் செதில்கள், பதினொரு அறைகளாகப் பிரிந்த காற்றுப்பை. முதல் மீன் கிடைத்தபோது அதை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்றே தெரியவில்லை. வலை போட்டால் வராது, இலையை அள்ளி அள்ளித்தான் தேட வேண்டும். போதுமான மீன்கள் சேர்ந்து 2017-இல் கட்டுரை வெளியானபோது, புது இனம், புதுப் பேரினம் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் கூட்டம்), அவற்றுக்கென்றே ஒரு புதுக் குடும்பம் என்று மூன்றும் சேர்ந்து வந்தன. பெயர் தருமானியா வாக்கரே. முதல் மீனைக் கண்டெடுத்த இல்சே வாக்கர் என்ற மனாஸ் ஆய்வாளரின் பெயரால்.

பிடித்த மீனை என்ன செய்வார்கள்? உயிரோடு வைத்துப் பார்க்கக் கூடாதா?

பார்ப்பார்கள், கொஞ்ச நேரம். முதல் வேலை புகைப்படம். ஒரு சிறிய கண்ணாடித் தொட்டியில் விட்டு, உயிர் நிறம் அப்படியே தெரிகிற மாதிரி படம் எடுப்பார்கள். பிறகு கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீர். அளவு கூடினால் மீன் மயங்கி அப்படியே இறந்துவிடும். பல்வலிக்குப் பாட்டி வைத்த அதே கிராம்புதான். அப்புறம் துடுப்பிலிருந்தோ தசையிலிருந்தோ ஒரு துணுக்கை வெட்டித் தனியாக ஆல்கஹாலில் போடுவார்கள். அது டிஎன்ஏ-வுக்கு. உடம்பு ஃபார்மலினில் போகும். சில நாள் ஊறி விறைத்த பிறகு கழுவி 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றினால், நூறு வருடம் தாண்டியும் இருக்கும்.

துணுக்கைத் தனியாக எடுப்பது ஏன் என்றால், ஃபார்மலின் டிஎன்ஏ-வைக் கெடுத்துவிடும். படம் எடுப்பது ஏன் என்றால், ஆல்கஹால் நிறத்தைத் தின்றுவிடும். நியான் டெட்ராவின் அந்த நீலக் கோடும் சிவப்பும் ஜாடிக்குள் போனால் மிஞ்சாது. பழுப்பேறிய ஒரு சிறு மீன்தான் கிடக்கும். கருமை மட்டும் ஓரளவு நிற்கும். பழைய கட்டுரைகள் எல்லா மீனையும் பழுப்பு, வெளிர் பழுப்பு என்றே வர்ணித்துக்கொண்டு போவது இதனால்தான்.

புது இனம்தான் என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள்?

எண்ணி, அளந்து, ஒப்பிட்டு. கேட்க ‘அவ்வளவுதானா’ என்று இருக்கும். ஒரு தடவை செய்து பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

என் தொட்டியில் செத்துப்போன ஒரு பிளாக் விடோ டெட்ராவை ஆல்கஹாலில் போட்டு வைத்து, பக்கக் கோட்டுச் செதில்களை எண்ணிப் பார்த்தேன். பக்கக் கோடு என்பது செவுள் மூடியிலிருந்து வால் வரை ஓடும் துளையுள்ள செதில்களின் வரிசை. தண்ணீரின் அதிர்வை மீன் உணர்வது அதன் வழியாகத்தான். என் மீன் நாலு சென்டிமீட்டர்கூட இருக்காது. மேசை விளக்கு, ஒரு பழைய பள்ளிக்கூட நுண்ணோக்கி, ஒரு குண்டூசி. ஈரமாக இருக்கும்போது செதிலே தெரியவில்லை, எல்லாம் ஒரே பளபளப்பு. டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துக் கொஞ்சம் காய விட்டால் ஒவ்வொரு செதிலின் விளிம்பும் மெல்லிய வெள்ளை வளைவாக எழுகிறது. அந்த அரை நிமிடத்துக்குள் எண்ண வேண்டும், இல்லையென்றால் சுருங்க ஆரம்பிக்கிறது. ஊசி முனையை ஒவ்வொரு துளையிலும் வைத்து எண்ணினேன். முதல் தடவை 33. இரண்டாம் தடவை 35. செதில் கூடவில்லை, வால் துடுப்பின் அடியில் ஏறி நிற்கும் கடைசிச் செதில்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் நான் தடுமாறியதுதான் காரணம். கட்டுரைகளில் ‘எண்ணிய முறை’ என்று ஒரு பத்தி முழுக்க எழுதுவதை அதுவரை வீண் வேலை என்று நினைத்திருந்தேன்.

அசல் வேலையில் இதை ஒரு மீனில் செய்தால் போதாது. கிடைக்கிற அத்தனை மீன்களிலும், வழக்கமாக இடது பக்கத்தில், செதில், துடுப்புக் கதிர், பல், செவுள் முள் என்று எண்ணுவார்கள். முதுகெலும்பை எக்ஸ்ரேயில் எண்ணுவார்கள். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடி வரைதான் எடுப்பார்கள், ஏனென்றால் வால் கிழிந்திருக்கும், சக மீன் கடித்திருக்கும், நம்ப முடியாது. தலை, கண், உடல் உயரம் எல்லாவற்றையும் அந்த நீளத்தில் இத்தனை சதவீதம் என்று போட்டால் சிறிய மீனையும் பெரிய மீனையும் ஒப்பிட முடியும்.

எலும்பைப் பார்க்க ஓர் அழகான பழைய முறை உண்டு. தசையை என்சைமால் கண்ணாடி மாதிரி தெளியவைத்து, எலும்புக்குச் சிவப்பும் குருத்தெலும்புக்கு நீலமும் சாயம் ஏற்றுவார்கள். முழு மீனும் உள்ளே சிவப்பு எலும்புக்கூடு தெரிகிற ஜெல்லியாகிவிடும். இப்போது மைக்ரோ சிடி ஸ்கேன் வந்துவிட்டது, மீனைத் தொடாமலே பார்க்கலாம். ஆனாலும் அந்தச் சிவப்பு நீலப் படத்துக்கு இது ஈடாகாது என்பது என் கட்சி.

இதையெல்லாம் செய்தபின்தான் முக்கியமான கேள்வி: உறவுக்கார இனங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் இது எதில் வேறுபடுகிறது? உறவுக்காரர் முப்பது பேர் இருந்தால் முப்பது பேரிடமிருந்தும் பிரித்துக் காட்ட வேண்டும். வேலையில் பெரும்பகுதி இந்த ஒப்பீடுதான்.

டிஎன்ஏ பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா?

உதவும், சில சமயம் பிரமாதமாக உதவும். மின்விலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள் (பெயரில்தான் விலாங்கு, உண்மையில் விலாங்குக்கு உறவே இல்லை). உயிரினங்களுக்கு இரண்டு சொல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் 1766-இல் பெயர் வைத்தார். அதற்குப் பின் 250 வருடத்துக்கும் மேலாக, தென் அமெரிக்காவின் வடபகுதி முழுவதும் இருப்பது ஒரே இனம் என்றே எல்லோரும் எழுதினார்கள். டேவிட் டி சந்தனா என்ற பிரேசில்காரரின் தலைமையில் ஒரு குழு பல ஆறுகளிலிருந்து 107 மீன்களைச் சேர்த்துப் பார்த்தது. டிஎன்ஏ-வில் மூன்று கூட்டம் பிரிந்து நின்றது. வெளியே பார்த்தால் மூன்றும் சாம்பல் நிறத் தடிதான். ஆனால் மூன்று என்று தெரிந்த பிறகு திரும்பப் போய்ப் பார்த்தபோது, மண்டை ஓட்டின் வடிவத்திலும் மார்புத் துடுப்புக் கதிர்களிலும் வேறுபாடு தெரிந்தது. வாழிடமும் பிரிந்திருந்தது: ஒன்று வடக்கே கயானா மேட்டுநிலம், ஒன்று தெற்கே பிரேசில் மேட்டுநிலம், ஒன்று நடுவில் அமேசான் சமவெளி.

2019 செப்டம்பரில் கட்டுரை வந்தது. வடக்கே இருப்பது பழைய பெயரையே வைத்துக்கொண்டது, எலெக்ட்ரோஃபோரஸ் எலெக்ட்ரிக்கஸ். சமவெளி இனம் எலெக்ட்ரோஃபோரஸ் வாரீ, தென் அமெரிக்க மீன்களுக்கே வாழ்நாளைக் கொடுத்த ரிச்சர்ட் வாரி என்ற அமெரிக்க ஸ்மித்சோனியன் அருங்காட்சியக ஆய்வாளரின் நினைவாக. தெற்கே இருப்பது எலெக்ட்ரோஃபோரஸ் வோல்டாய். மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்டாவின் பெயர். அந்த இனத்தின் ஒரு மீன் 860 வோல்ட் அடித்துக் காட்டியிருக்கிறது. அதுவரை சொல்லிவந்த உச்சம் 650.

சரி, அப்படியானால் டிஎன்ஏ மட்டும் போதாதா? போதாது. அண்மையில் பிரிந்த இனங்களில் அடையாளம் காட்டும் மரபணு இன்னும் ஒன்றாகவே இருக்கும். இன்னொரு பக்கம், ஒரே இனம் பல ஆறுகளில் பரவியிருந்தால் தூரத்தினாலேயே டிஎன்ஏ கொஞ்சம் வேறுபடும், அதையெல்லாம் இனமாகப் பிரித்தால் முடிவே இருக்காது. தவிர, 1840-இல் ஜாடியில் போட்ட மீனோடு ஒப்பிட வேண்டுமென்றால் பெரும்பாலும் செதிலும் பல்லும்தான் துணை.

ஹோலோடைப் என்கிறார்களே, அது என்ன?

ஒரு பெயரை ஆணி அடித்து மாட்டி வைக்கும் ஒற்றை மீன். நாளைக்கு ‘இந்தப் பெயர் எந்த மீனுக்கு உரியது’ என்று சண்டை வந்தால், அந்த ஒரு மீனை எடுத்துப் பார்த்துத் தீர்ப்பார்கள். அது அந்த இனத்தின் அழகான மீனாகவோ சராசரி மீனாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. 2000-ஆம் ஆண்டிலிருந்து, புதுப் பெயர் செல்ல வேண்டுமென்றால் ஹோலோடைப் எது, எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

அது தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அரபைமா கதை. 19-ஆம் நூற்றாண்டில் அரபைமாவில் நான்கு இனங்கள் என்று விவரித்திருந்தார்கள். 1868-இல் குந்தர் என்ற லண்டன் ஆய்வாளர் எல்லாம் ஒன்றுதான் என்று சேர்த்துவிட்டார். யாரும் மறுபடி சோதிக்காமல் 140 வருடம் அதுவே வேதவாக்கு. அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் ஸ்டூவர்ட் பழைய கட்டுரைகளைத் தோண்டினார். ஸ்பிக்ஸ், மார்டியஸ் என்ற ஜெர்மன் இயற்கையியலாளர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ஓர் எலும்புக்கூட்டை வைத்து 1829-இல் படத்தோடு விவரித்து, 1847-இல் தனிப் பெயர் பெற்ற அரபைமா அகாசிசி தனி இனம்தான் என்று அவருக்குத் தோன்றியது. எலும்புக்கூடு மியூனிக்கில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அழிந்துவிட்டது. மிஞ்சியது 1829-இல் அச்சிட்ட படம் மட்டும். நல்ல வேளை, அந்தக் காலத்து ஓவியர் பல்லும் எலும்பும் விடாமல் வரைந்திருந்தார். அந்தப் படத்தை வைத்தே ஸ்டூவர்ட் அந்த இனத்தை மீட்டார். 2013-இல் அவரே அரபைமா லெப்டோசோமா என்று இன்னொரு இனத்தையும் விவரித்தார், மனாஸில் இருந்த ஒரே ஒரு மீனை வைத்து.

பழைய மாதிரிகளைப் பார்க்க எங்கே போக வேண்டும்?

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். மீன் அமேசானில், ஜாடி ஐரோப்பாவில். நாட்டரர் என்ற ஆஸ்திரியர் 1817-லிருந்து 18 வருடம் பிரேசிலில் சுற்றிச் சேர்த்தது வியன்னாவில் இருக்கிறது. நாம் வளர்க்கும் டிஸ்கஸுக்கு 1840-இல் ஹெக்கெல் என்ற வியன்னா ஆய்வாளர் பெயர் வைத்தது அந்தச் சேகரிப்பைப் பார்த்துத்தான். இது போக பாரிஸ், லண்டன், ஸ்டாக்ஹோம். 1865-இல் லூயி அகாசிஸ் என்ற விலங்கியலாளர் போய் அள்ளியது அமெரிக்காவின் ஹார்வர்டில். பிரேசிலின் பெலேம் நகரில் இருக்கும் ஒரு மாணவர், தன் வீட்டு வாசலில் ஓடும் ஆற்றின் மீனுக்குப் பெயர் வைக்க விசா எடுத்து அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும்.

இப்போது நிலைமை பரவாயில்லை. பல அருங்காட்சியகங்கள் மாதிரிகளின் படத்தையும் எக்ஸ்ரேயையும் இணையத்தில் போடுகின்றன. புது இனங்களின் ஹோலோடைப்கள் சாவோ பாவுலோ, மனாஸ், பெலேம், போர்ட்டோ அலெக்ரே என்று பிரேசிலிலேயே தங்குகின்றன. விவரிப்பவர்களும் பெரும்பாலும் அந்த மண்ணின் ஆட்களே.

நாமே போய்ப் பிடித்து வரலாமா?

கூடாது. பிரேசிலில் ஆய்வுக்காகப் பிடிக்கவே அரசின் அனுமதி எண் வேண்டும். வெளிநாட்டவர் என்றால் உள்ளூர் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்துதான் செய்ய முடியும். 2015-இல் வந்த மரபு வளச் சட்டத்துக்குப் பிறகு டிஎன்ஏ ஆய்வையும் பதிவு செய்தாக வேண்டும். மேலே சொன்ன வரலாற்றைப் படித்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

பெயரை யார் வைக்கிறார்கள்? எந்தப் பெயரும் வைக்கலாமா?

விவரித்து வெளியிடுகிறவர் வைக்கிறார். உலக அளவில் விலங்குப் பெயர்களுக்கென்று ஒரு விதித்தொகுப்பும் அதைக் கவனிக்க ஓர் ஆணையமும் உண்டு. இரண்டு சொல், லத்தீன் எழுத்து, முன்பே அந்தப் பேரினத்தில் இருக்கக் கூடாது, யாரையும் புண்படுத்தக் கூடாது. அச்சில் வர வேண்டும். 2012 முதல் ஸூபேங்க் என்ற பதிவேட்டில் பதிந்துவிட்டு மின்பதிப்பாகவும் வெளியிடலாம். தன் பெயரையே வைத்துக்கொள்ளத் தடை இல்லை. ஆனால் யாரும் செய்ய மாட்டார்கள், மானம் போய்விடும்.

ஒரே மீனுக்கு இருவர் பெயர் வைத்தால் முந்தியவருக்கே உரிமை. இது எவ்வளவு நுணுக்கமாகப் போகும் என்பதற்கு கார்டினல் டெட்ராவைவிட நல்ல உதாரணம் இல்லை. 1956-இல் ஷுல்ட்ஸ் என்பவர், வண்ணமீன் பத்திரிகை நடத்திய ஆக்ஸல்ராடின் பெயரால் ‘ஆக்ஸல்ராடி’ என்று வைத்து அந்தப் பத்திரிகையிலேயே வெளியிட்டார். அதே மீனுக்கு ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மையர்ஸும் வைட்ஸ்மனும் ‘கார்டினாலிஸ்’ என்று வைத்தார்கள். முதலாவதன் தேதி பிப்ரவரி 20. இரண்டாவது பிப்ரவரி 21. ஒரு நாள்! விவகாரம் ஆணையம் வரை போய், ‘ஆக்ஸல்ராடி’தான் செல்லும் என்று தீர்ப்பானது. ஆனாலும் கடையில் போய் ‘கார்டினல்’ என்றுதான் கேட்கிறோம். தோற்ற பெயர் சந்தையில் ஜெயித்துவிட்டது.

பிளெக்கோ (‘டேங்க் கிளீனர்’ வகை) மீன்களுக்கு எல் 046, எல் 333 என்று நம்பர் போடுகிறார்களே?

பெயர் வருவதற்குள் மீன் கடைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? 1988-இல் ஒரு ஜெர்மன் வண்ணமீன் பத்திரிகை இதற்கு வழி கண்டுபிடித்தது. கவச உடம்பும் உறிஞ்சு வாயும் உள்ள லோரிகாரிடே குடும்பத்து மீன் புதிதாக வந்தால், படம் போட்டு எல் 001, எல் 002 என்று எண் கொடுத்தார்கள். கோரி வகைக்கு அதே பாணியில் சி எண்கள். வரிக்குதிரைக் கோட்டு பிளெக்கோதான் எல் 046. அது 1991-இல் ஹைபான்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா ஆனது.

எண் என்பது ஒரு படத்தின் அடையாளம், அவ்வளவுதான். ஒரே இனத்தின் இரண்டு தினுசுக்கு இரண்டு எண் விழுந்திருக்கலாம். ஷிங்கு ஆற்றின் எல் 066, எல் 333 இரண்டையும் தனித்தனி இனமாக நினைத்து விலை கொடுத்து வாங்கியவர்கள் உலகமெங்கும் உண்டு. அண்மையில் விவரித்தபோது இரண்டும் ஹைபான்சிஸ்ட்ரஸ் சைடெலி என்ற ஒரே இனத்துக்குள் அடங்கிவிட்டன. மீனுக்கு மீன் கோடுகள் மாறிக்கொண்டே இருக்கும் இனம் அது.

என் தொட்டியில் இருப்பதே பெயர் இல்லாத இனமாக இருந்தால்?

இருக்கலாம், ஆச்சரியமில்லை. ஆனால் அதை வைத்து விவரிப்பது கஷ்டம். எந்த ஆறு, எந்த இடம் என்று தெரியாத மீனுக்கு மதிப்பு பாதி போயிற்று. கடைக்காரர் ‘கொலம்பியா மீன்’ என்றால் அங்கிருந்து விமானம் ஏறியது என்று பொருள், பிடித்தது எங்கோ. தொட்டியில் வளர்ந்த மீனுக்கு உடம்பும் துடுப்பும் கொஞ்சம் மாறிப்போயிருக்கும். கலப்பு வேறு. அதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். உயிரோடிருக்கும்போது நல்ல பக்கவாட்டுப் படம், வாங்கிய தேதி, செத்தால் ஆல்கஹாலில் ஒரு ஜாடி. ஆய்வாளர் யாருக்காவது பயன்படும். நியான் டெட்ராவே அப்படித்தான் 1936-இல் பெயர் பெற்றது: ‘இன்னெசி’ என்பது அமெரிக்க வண்ணமீன் பத்திரிகை ஆசிரியர் இன்னெஸின் பெயர். ஒரே ஒரு விஷயம், வளர்க்க முடியவில்லை என்று ஏரியில் மட்டும் விடாதீர்கள். ‘டேங்க் கிளீனர்’ நம் ஏரிகளில் என்ன பாடு படுத்துகிறது என்பதை மீனவர்களிடம் கேளுங்கள், வலையைக் கிழித்துக் காட்டுவார்கள்.

பெயர் வைத்தால் மீன் பிழைத்துவிடுமா?

பெயர் மட்டும் பிழைக்க வைக்காது, ஆனால் பெயர் இல்லாததைச் சட்டத்தில் எழுத முடியாது. எல் 046 ஷிங்கு ஆற்றின் ‘பெரிய வளைவு’ என்ற பகுதியில் மட்டும் இருப்பது. பெலோ மோன்டே அணை 2016-இல் இயங்கத் தொடங்கி, அந்த வளைவுக்குப் போகும் தண்ணீரில் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டது. பாறை இடுக்கில் வேகமான நீரை நம்பி வாழும் மீன் அது. பிரேசில் அதை 2017-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. 2022 மாநாட்டில் இரண்டாம் பட்டியலுக்கு உயர்ந்தது. வணிகத்துக்குக் கடிவாளம் விழுந்தது. அணைக்கு விழவில்லை.

பெயரை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

உறவு பற்றிய புரிதல் மாறும்போது பேரினப் பெயர் மாறும். 2024-இல் கோரிடோரஸ் என்ற ஒரு பெரிய மூட்டையை அவிழ்த்து, அந்தக் கூட்டம் முழுவதையும் ஏழு பேரினங்களாக அடுக்கினார்கள். நாம் வெண்கலக் கோரி என்று வளர்ப்பது கோரிடோரஸ் ஈனியஸாக இருந்து ஆஸ்டியோகாஸ்டர் ஈனியா ஆனது. கடைசி எழுத்து மாறியது லத்தீன் பால் இலக்கணத்துக்காக. பாண்டா கோரி இப்போது ஹோப்ளிசோமா. எரிச்சலாகத்தான் இருக்கிறது, என் தொட்டியில் ஒட்டிய சீட்டை இன்னும் மாற்றவில்லை.

ஒரு மீனுக்குப் பெயர் வர எவ்வளவு காலம் ஆகும்?

எல்லா உயிரினங்களையும் சேர்த்து 2012-இல் வந்த ஒரு கணக்கில், பிடித்த நாளிலிருந்து பெயர் வரும் நாள் வரை சராசரி 21 வருடம். ஜாடியில் ஒரு தலைமுறை.

நான் அறிந்ததில் நீண்ட காத்திருப்பு ஒன்று உண்டு. வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் நான்கு வருடம் அமேசானிலும் ரியோ நெக்ரோவிலும் அலைந்துவிட்டு 1852-இல் ஹெலன் என்ற கப்பலில் ஊர் திரும்பினார். நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. சேகரித்தவற்றில் கப்பலில் இருந்தது எல்லாம் போயிற்று. புகை நிறைந்த அறைக்குள் இறங்கி ஒரு தகரப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு படகில் குதித்தார். அதில் அவர் பென்சிலால் வரைந்த மீன் படங்கள் இருந்தன. பத்து நாள் திறந்த படகில் மிதந்தபின் வேறொரு கப்பல் அவரை மீட்டது. படங்கள் லண்டனில் தங்கின. பிரேசில் ஆய்வாளர் மோனிகா டி டோலேடோ-பிசா அவற்றைத் தொகுத்து 2002-இல் நூலாக்கினார். அதில் இருந்த, பைக் சிக்லிட் என்ற நீள உடம்பு வகை மீன் ஒன்று எந்தப் பெயரிலும் அடங்கவில்லை. மாதிரிகளைத் தேடி எடுத்து, 2015-இல் குல்லண்டரும் வரெல்லாவும் விவரித்தார்கள்: கிரெனிசிக்லா மோனிகே. வாலஸ் வரைந்து 160 வருடம் கழித்து.

இந்தக் கட்டுரைகளை நம்மால் படிக்க முடியுமா?

முடியும், முதல் வரியிலிருந்து படிக்காமல் இருந்தால். பலவும் இணையத்தில் இலவசம். முதலில் பெயர்க் காரணப் பத்தி. கதை அங்கேதான் இருக்கும். அடுத்து வேறுபாடுகளைச் சொல்லும் பத்தி. அதை முடிந்த வரை படியுங்கள், தலை சுற்றினால் விட்டுவிடுங்கள். அப்புறம் பொடி எழுத்தில் ‘ஆய்ந்த மாதிரிகள்’ என்று ஒரு பட்டியல்: எந்த ஓடை, எந்தப் பாலத்துக்குப் பக்கம், எத்தனை மீன், யார் பிடித்தது, எந்தத் தேதி. நான் கட்டுரை கையில் கிடைத்ததும் அந்தத் தேதிகளில் மிகப் பழையதைத் தேடி, வெளியான வருடத்திலிருந்து கழித்துப் பார்ப்பேன். ஒற்றை இலக்கத்தில் வருவது குறைவு.